டீன் தொடர் தடுமாறும்போது எங்கே கை வைப்பது: அறிகுறிவாரியாக

"முதல் சீசன் அள்ளிக்கிட்டுப் போச்சு சார். ரெண்டாவது பரவாயில்லை. மூணாவது எழுதிட்டிருக்கோம், என்னவோ ஒட்டவே மாட்டேங்குது." பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை வைத்து எடுக்கும் தொடர்களிலிருந்து எனக்கு வரும் அழைப்பு கிட்டத்தட்ட இதே வாசகத்தில்தான் இருக்கும். நானும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: "எந்த எபிசோடை எழுதும்போது உங்களுக்கே முதல்முறை அலுத்தது?" ஓர் எண் சொல்வார்கள். அதற்கு ஆறு எபிசோடு முன்னாலிருந்து படிக்கத் தொடங்குவேன். வலி ஒரு பல்லில் தெரியும், சொத்தை பக்கத்துப் பல்லில் இருக்கும். மூன்றாவது சீசனில் வெடிக்கிற பழுது பெரும்பாலும் முதல் சீசனிலேயே உள்ளே போயிருக்கும்.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் இருக்கும். பணமும் கால்ஷீட்டும் கேட்பது கடைசியில். முதல் சோதனையிலேயே பிடிபட்டுவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டாம். உதாரணங்களில் பல தொடர்களின் முடிவு வெளிப்பட்டுவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எதற்கும் முன்னால்: சிவப்பு அட்டை

இதுவரை வெளியான எபிசோடுகளில் திரும்பிப் போக முடியாத நிகழ்வு ஒவ்வொன்றையும் ஒரு சிவப்பு அட்டையில் எழுதிப் பலகையில் வரிசையாகக் குத்துங்கள். சாவு, கர்ப்பம், முதன்முதலாகச் சொல்லப்படும் காதல், உடையும் ரகசியம், வீட்டை விட்டு வெளியேறுவது எல்லாம் சிவப்பு. சண்டை போட்டுச் சமாதானமாவது சிவப்பு இல்லை. ஒரு பிற்பகல் வேலை. இதைச் செய்யாமல் யாரும் என்னிடம் ஸ்கிரிப்டை நீட்டினால் நான் வாங்குவதில்லை, ஏனென்றால் அடுத்து வரும் எல்லாச் சோதனைக்கும் இந்தப் பலகை வேண்டும்.

அறிகுறி 1: "இனி என்ன நடக்கணும்னே தெரியலை"

டிஸ்கஷன் அறையில் மௌனம். யாரோ ஒருவர் "ஒரு ஆக்சிடென்ட் வைக்கலாமா?" என்கிறார். யாரும் மறுப்பதில்லை.

*கையிருப்பை முதலிலேயே செலவழித்தது.* பலகையைப் பாருங்கள். முதல் பத்து எபிசோடில் சிவப்பு அடர்ந்து கிடக்கிறதா? 2003இல் ஃபாக்ஸில் வந்த 'தி ஓ.சி.'யின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 27 எபிசோடு. அதற்குள் நாயகி மரிஸா அளவுக்கு மீறி மாத்திரை விழுங்குகிறாள், அவள் அப்பாவின் பண மோசடி அம்பலமாகிறது, அவள் பழைய காதலன் லூக்கின் அப்பா தன்பால் ஈர்ப்பாளர் என்று ஊருக்குத் தெரிகிறது, லூக்குக்கும் மரிஸாவின் அம்மாவுக்கும் உறவு, துப்பாக்கியோடு ஆலிவர், தெரேசாவின் கர்ப்பம், கடைசியில் ஒரு திருமணம். பார்க்க அபாரமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரணத் தொடர் மூன்று ஆண்டு வைத்துச் சாப்பிடும் சரக்கு அது. இரண்டாவது சீசன் பழைய நாற்காலிகளில் புது ஆட்களை உட்கார வைத்ததற்குக் காரணம் எழுதியவர்களின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அலமாரி காலி.

சரிசெய்யும் வழி: புது நிகழ்வு தேடாதீர்கள். பலகையில் ஏற்கெனவே குத்தியிருக்கும் சிவப்பு அட்டைகளில், பின்விளைவே காட்டாமல் விட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். மாத்திரை விழுங்கிப் பிழைத்த பெண் அடுத்த வாரமே விருந்துக்குப் போகிறாள் என்றால் அந்த அட்டைக்குள் இன்னும் ஆறு எபிசோடு இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் இரவு அறைக் கதவைத் தாழ் போட அம்மா விடுவாளா? வகுப்பில் யாருக்கெல்லாம் தெரியும்? தெரியாததுபோல் நடிப்பவர்கள் யார்? நான் பழுது பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே ஓடத் தொடங்கியிருக்கிறது.

*மூலக்கதை தீர்ந்துபோனது.* '13 ரீசன்ஸ் ஒய்' 2017இல் ஜே ஆஷரின் நாவலை வைத்து வந்தது. தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களின் 13 பக்கங்கள், 13 எபிசோடு, நாவல் முடிந்தது. கதையின் வடிவமே அந்த நாடாக்கள்தான். இரண்டாவது சீசனுக்கு நீதிமன்றம் வந்தது, மூன்றாவதுக்குக் கொலை வந்தது. உங்கள் தொடருக்கு இப்படி ஒரு வடிவம் இருந்தால், அடுத்த சீசனுக்கும் அதே அளவு இறுக்கமான வேறொரு வடிவம் கிடைத்த பிறகே எழுத உட்காருங்கள். பாத்திரங்கள் கையில் இருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது.

*எபிசோடு எண்ணிக்கை கூடியது.* இதுதான் செலவு பிடிக்கும் காரணம். 'ரிவர்டேல்' முதல் சீசன் 13 எபிசோடு, இரண்டாவது 22. அதே ஊர், அதே பிள்ளைகள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூடுதல் நேரம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பின்விளைவுகளை எல்லாம் எழுதிய பிறகும் ஒரு சீசனில் மூன்றில் ஒரு பங்கு காலியாக நின்றால், அதை எழுத்தாளர் நிரப்ப முடியாது. தயாரிப்பாளர் பலகையைத் தூக்கிக்கொண்டு சேனலிடமோ ஓடிடியிடமோ போய் எண்ணிக்கையைக் குறைக்கக் கேட்க வேண்டும்.

அறிகுறி 2: பள்ளிக்கூடக் கதைக்குள் பிணம் விழுகிறது

கணக்குப் பரீட்சைக்குப் பயந்துகொண்டிருந்த பையன் இப்போது சடலத்தை ஆற்றில் தள்ளுகிறான். பார்க்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது, எழுதியவருக்கு அது தெரியவில்லை.

எளிய காரணம் பயம். சின்ன விஷயங்களை மட்டும் வைத்தால் பார்வையாளர் போய்விடுவார் என்று அறையில் யாரோ ஒருவர் பயப்படுகிறார். முதல் சீசனில் அவர்களைக் கட்டிப்போட்டது அந்தச் சின்ன விஷயங்கள்தான் என்பதை மறந்துவிட்டு.

'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' இதற்கு நல்ல பாடம், ஏனென்றால் அது விழுந்து எழுந்த தொடர். டெக்சாஸில் ஒரு சிற்றூர், பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி, 2006இல் தொடங்கியது. ஒரு பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் பையன், பயிற்சியாளரின் வேலை நிலைக்குமா என்ற கவலை, இந்த அளவில்தான் முதல் சீசன் நகர்ந்தது. இரண்டாவது சீசனின் தொடக்கத்திலேயே லேண்ட்ரி என்ற மாணவன், தன் தோழி டைராவைத் தாக்கியவனைக் கொன்று உடலை மறைக்கிறான். அந்தத் தொடருக்குள் அந்தக் காட்சி வேறொரு தொடரிலிருந்து வழி தவறி வந்ததுபோல இருந்தது. 2007 நவம்பரில் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, அந்த சீசன் 15 எபிசோடோடு நின்றது. மூன்றாவது சீசன் வந்தபோது கொலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லேண்ட்ரி பழையபடி லேண்ட்ரியாக இருந்தான். கண்டினியூட்டி பார்ப்பவர்கள் இதைப் பெரிய குற்றமாகச் சொல்வார்கள். நான் அந்த முடிவின் பக்கம். அழுகின விரலை வெட்டியெறிந்தார்கள், அதற்குப் பிறகு மூன்று சீசன் நன்றாக நடந்தது.

சோதனை: குற்றத்தைக் கதையிலிருந்து உருவிவிட்டு, அதற்கு அடுத்த எபிசோடில் வரும் வகுப்பறைக் காட்சியையும் வீட்டுக் காட்சியையும் படியுங்கள். ஒரு வசனம்கூட மாறத் தேவையில்லை என்றால், குற்றம் கதையோடு ஒட்டவே இல்லை. வெட்டுங்கள். ஏற்கெனவே ஒளிபரப்பாகிவிட்டதா? கௌரவமாக முடிக்க ஒரு எபிசோடு, அதற்குமேல் வேண்டாம்.

குற்றத்திலேயே பிறந்த தொடர்களுக்கு இந்த மருந்து செல்லாது. 'ரிவர்டேல்' முதல் காட்சியிலிருந்தே ஒரு பையனின் மரணத்தைப் பற்றியது. அதன் சிக்கல் வேறு. ஒவ்வொரு ஆண்டும் போன ஆண்டை மிஞ்ச வேண்டும். முகமூடிக் கொலைகாரன், ஒரு மதக்குழு, விளையாட்டு அரக்கன், ஆறாவது சீசனில் அதீத சக்திகளும் வால்நட்சத்திரமும், ஏழாவதில் எல்லோரும் 1955இல். அந்தப் பைத்தியக்காரத்தனத்தை ரசித்த கூட்டம் உண்டு, எனக்கும் அதில் ஒரு சின்னப் பிரியம் உண்டு. ஆனால் அந்த ஏணியில் ஏறினால் இறங்க வழி கிடையாது.

அறிகுறி 3: அதே ஜோடி நாலாவது முறை பிரிகிறது

சோதனை ஒன்றே ஒன்று. அவர்கள் பிரிந்ததற்கான காரணத்தை ஒரே ஒரு போன் அழைப்பு தீர்த்துவிடுமா? தீர்க்கும் என்றால் அது பிரிவு இல்லை, தாமதம். பார்வையாளருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் காரணம் எளிது: எட்டுப் பேர் கொண்ட நட்புவட்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் பழகி முடித்தாயிற்று. வெளியிலிருந்து ஓர் அழகான புது ஆளைக் கொண்டுவருவார்கள். 'டாசன்ஸ் க்ரீக்' மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் ஈவ் என்ற பெண்ணை அப்படித்தான் கொண்டுவந்தது. அந்த ட்ராக் எங்கேயும் போகாமல் பாதியில் மறைந்தது. அதே சீசனைக் காப்பாற்றியது உள்ளேயே இருந்த ஒன்று: ஜோயி என்ற பெண்ணுக்கும் டாசனின் நண்பன் பேஸிக்கும் இடையில் மெல்ல வளர்ந்த காதல். அதற்கு விலை இருந்தது, டாசனோடு பேஸிக்கு இருந்த பழைய நட்பு. புது ஜோடி எழுதும்போது, "இதனால் யாருக்கு எது போகிறது?" என்ற வரியைப் பூர்த்தி செய்ய முடியவில்லையென்றால் எழுத வேண்டாம்.

இன்னொன்று, மறந்துபோகிறார்கள்: ஜோடியைப் பிரிக்காமலும் கதை சொல்லலாம். 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' பயிற்சியாளர் எரிக்கும் டாமியும் ஐந்து சீசனும் கணவன் மனைவியாகவே இருந்தார்கள். அவர்கள் சண்டையெல்லாம் யாருடைய வேலைக்காக யார் வீடு மாறுவது என்பதில். கடைசியில் அவர் தனக்கு வந்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அவளுடைய வேலைக்காக ஃபிலடெல்ஃபியா போகிறார். அந்த ஒரு முடிவில் இருக்கும் பதற்றம், பல தொடர்களின் பத்துப் பிரிவுகளில் இல்லை.

அறிகுறி 4: பள்ளி முடியப் போகிறது

இதுதான் இந்த வகையின் பரம்பரை நோய். காவல் நிலையத்தையோ மருத்துவமனையையோ வைத்து எடுத்தால் இருபது ஆண்டு ஓட்டலாம், யாருக்கும் தேர்ச்சி பெற்று வெளியேறும் கட்டாயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடிகாரம் முதல் எபிசோடிலிருந்தே ஓடுகிறது.

ஒருமுறை ஒரு தொடரின் மூன்றாவது சீசனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எழுத்தாளர்கள் என்னிடம் பேசத் தொடங்குவதற்கு முன்பே உடை பார்க்கும் அம்மா ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கதாநாயகனின் பள்ளிச் சட்டை. பக்கத் தையலை இரண்டு முறை பிரித்து, உள்ளே பிடித்திருந்த துணியை வெளியே விட்டிருந்தார். பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித்துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. கைமடிப்பையும் இறக்கியாயிற்று, பழைய மடிப்பு இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் ஒரு பட்டையாக நின்றது. "இதுக்குமேல விடுறதுக்குத் துணி இல்லை தம்பி," என்றார். கதையில் அந்தப் பையனுக்கு அப்போது பதினொரு மாதம்தான் வயது கூடியிருந்தது. எங்கள் கூட்டம் அதோடு பாதி முடிந்துவிட்டது.

நடிகரின் வயதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தப்பித்தவர்களும் உண்டு. 'பெவர்லி ஹில்ஸ் 90210' தொடங்கியபோது ஆண்ட்ரியாவாக வந்த கேப்ரியேல் கார்ட்டெரிஸுக்கு 29 வயது. பார்வையாளர் அதை மன்னிப்பார். முதல் எபிசோடில் பார்த்த முகம் நான்காவது சீசனில் வேறு முகமாகிவிட்டதைத்தான் மன்னிப்பது கடினம். சீசன்களுக்கு நடுவே இரண்டு மூன்று ஆண்டு விடும் இன்றைய வழக்கம் இந்த நோயை இன்னும் மோசமாக்கிவிட்டது. 'யூஃபோரியா'வின் முதல் சீசன் 2019இல், இரண்டாவது 2022இல்.

இனி வழிகள், மலிவானதிலிருந்து.

*கடிகாரத்தை மெதுவாக்குதல்.* ஒரு பள்ளி ஆண்டை இரண்டு சீசனுக்கு நீட்டலாம். 'ஒன் ட்ரீ ஹில்' இரண்டு பள்ளி ஆண்டுகளை நான்கு சீசனாக்கியது. முதல் சீசனிலேயே முடிவெடுத்திருந்தால் மட்டும் இது செல்லும். மூன்றாவது சீசனில் திடீரென்று மெதுவாக்கினால் சட்டை கிழியும்.

*எல்லோரையும் ஒரே கல்லூரியில் சேர்த்தல்.* வெகுவாகப் பயன்படுவதும் வெகுவாகத் தோற்பதும் இதுதான். '90210' பிள்ளைகள் 1993இல் பள்ளி முடித்து மொத்தமாக ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். 'பஃபி' நான்காவது சீசனில் சொந்த ஊர்க் கல்லூரிக்குப் போனாள். பள்ளியில் நடைபாதை, சாப்பாட்டு மேசை, மணி அடிப்பது, பிடிக்காதவரோடும் ஒரே அறையில் உட்கார்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் எல்லாம் காட்சிகளை உங்களுக்காகத் தானே உண்டாக்கிக் கொடுத்தன. கல்லூரியில் ஒருவரைப் பிடிக்கவில்லையென்றால் பார்க்காமலே இருந்துவிடலாம். சோதனை: பகையாளிகள் இருவர் வாரம் இரண்டு முறை சந்தித்தே தீர வேண்டிய ஓர் இடம் உங்கள் கல்லூரியில் இருக்கிறதா? விடுதி அறை, பகுதிநேர வேலை, எதுவானாலும். இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள்.

*தாவல்.* 'ஒன் ட்ரீ ஹில்' ஐந்தாவது சீசனில் கல்லூரியை மொத்தமாக விட்டு நான்கு ஆண்டு தாவியது. 'ரிவர்டேல்' தன் ஐந்தாவதில் ஏழு ஆண்டு. நடிகரின் முகமும் பாத்திரத்தின் வயதும் சட்டென்று ஒத்துப்போகும், அது பெரிய நிம்மதி. ஆனால் தாவிய பிறகு அது டீன் தொடர் இல்லை. சின்ன ஊரில் வாழும் இளம் பெரியவர்களின் கதை. அதை எழுதத் தெரியுமா என்று அறையில் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*இரண்டு இடமாகப் பிரித்தல்.* 'க்ளீ' நான்காவது சீசனில் பாதி நியூயார்க்கில், பாதி பழைய பள்ளியில். எனக்குத் தெரிந்து இதுதான் மிகச் செலவான தவறு. பழையவர்களைப் பார்க்க வந்தவர் புதியவர்களை இடைஞ்சலாகப் பார்த்தார். புதியவர்களுக்கு வேரூன்ற நேரம் கிடைக்கவில்லை. ஐந்தாவது சீசனின் நடுவில் புதியவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கதை முழுதாக நியூயார்க் போனது, ஆறாவதில் மறுபடி பள்ளிக்குத் திரும்பியது. வண்டியை ரிவர்ஸிலும் முன்னாலும் மாற்றி மாற்றி எடுத்தால் கியர்தான் போகும்.

*ஆட்களை மாற்றுதல்.* இது பெரிய அறுவை, ஆனால் பிழைத்தவர்கள் அதிகம். பிரிட்டனின் 'ஸ்கின்ஸ்' 2007இல் தொடங்கி இரண்டு சீசனுக்கு ஒருமுறை கிட்டத்தட்ட மொத்த நடிகர் அணியையும் மாற்றியது. மூன்றாவது அணிக்கு முதல் அணியின் வரவேற்பு கிடைக்கவில்லைதான், என்றாலும் எந்த அணியும் தன் வயதைத் தாண்டி நிற்கவில்லை. நார்வேயின் 'ஸ்காம்' இதைவிட நளினமாகச் செய்தது. அதே பள்ளி, அதே கூட்டம், ஒவ்வொரு சீசனிலும் வேறொருவர் நடுவில். போன சீசனில் பின்வரிசையில் நின்றவர் இப்போது கதாநாயகர். 2015 முதல் 2017 வரை நான்கு சீசன், அத்தோடு நிறுத்திவிட்டார்கள். கனடாவின் 'டெக்ராசி: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பள்ளிக்கூடம் செய்வதையே செய்தது. ஆண்டுதோறும் சிலரை அனுப்பி, சிலரைச் சேர்த்து, 2001இலிருந்து 14 சீசன் போனது.

மறுபடி 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. நான்காவது சீசனில் பயிற்சியாளரை ஊரின் ஏழைப் பள்ளிக்கு மாற்றினார்கள். புது அணி முதல் ஆட்டத்திலேயே பாதியில் கைவிட்டு நிற்கிறது. வின்ஸாக மைக்கேல் பி. ஜோர்டன் வந்தது அப்போதுதான். ஏன் அது ஒட்டியது? பழையவர்களில் பலரும் சில எபிசோடு எடுத்துக்கொண்டு முறையாக விடைபெற்றிருந்தார்கள். ஒரு பெரியவர் பாலமாக இருந்தார். புதியவர்கள் பழையவர்களின் நகலாக இல்லை. பழைய விளையாட்டு நாயகனுக்குப் பதில் இன்னொரு விளையாட்டு நாயகன் என்று நிரப்பியிருந்தால் 'க்ளீ'க்கு நடந்ததுதான் நடந்திருக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கடைசி ஆண்டின் முதல் எபிசோடை எழுதுவதற்கு முன்பே தயாரிப்பாளர், நடிகர்களின் ஒப்பந்தம் பார்ப்பவர், உடை பார்ப்பவர் மூவரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். யார் எத்தனை எபிசோடுக்கு இருக்கிறார் என்பது தெரியாமல் மேலே சொன்ன எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

அறிகுறி 5: "ஆளுங்க அதே, பேச்சு வேற"

பார்வையாளரால் இன்னதென்று சொல்ல முடியாத குறை. காட்சிகள் சரியாகத்தான் இருக்கின்றன, யாரோ ஆவி புகுந்து பேசுவதுபோல இருக்கிறது.

ஐந்து பக்க வசனத்தில் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். யார் எதைப் பேசுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லையென்றால், எல்லோரும் எழுத்தாளரின் கிண்டலையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எளிய மருந்து, முதல் மூன்று எபிசோடை எடுத்து ஒவ்வொரு பாத்திரமும் *சொல்லாத* விஷயங்களின் பட்டியல் போடுவது. அப்பாவைப் பற்றிப் பேசாத பெண் மூன்றாவது சீசனில் அப்பாவைப் பற்றி மூன்று நிமிடம் பேசுகிறாள் என்றால் தவறு அங்கேதான்.

அடுத்த காரணம், எழுதுகிறவர்களுக்கு வயதாகிறது, பாத்திரங்களுக்கு ஆகவில்லை. 'ஸ்கின்ஸ்' எழுத்து மேசையில் இளைஞர்களை உட்கார வைத்தது. நடிக்க வந்த டேனியல் கலூயா அங்கே எழுதவும் செய்தார். 'ஸ்காம்' எடுத்த யூலி ஆண்டெம், எழுதுவதற்கு முன் பதின்வயதினரிடம் உட்கார்ந்து நீண்ட நேர்காணல்கள் எடுத்தார். இதெல்லாம் புதுக் கொச்சைச் சொல் பொறுக்குவதற்காக என்று நினைக்க வேண்டாம், அந்தச் சொல் எபிசோடு வெளியாவதற்குள் பழசாகிவிடும். ஒரு ஸ்கிரிப்ட் ரீடிங்கில் பார்த்ததைச் சொல்கிறேன். "நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு பயமா இருக்கு" என்று ஒரு வசனம். படித்த பெண்ணுக்குப் பதினேழு வயது. நிமிர்ந்து, "இதை நேர்ல சொல்றாளா, டைப் பண்றாளா?" என்று கேட்டாள். நேரில் என்றோம். "சொல்ல மாட்டா," என்றாள். சரி, டைப் பண்ணுகிறாள் என்றால்? கொஞ்சம் யோசித்து, "டைப் பண்ணி அழிச்சிடுவா. அப்புறம் 'தூங்கிட்டியா?'ன்னு அனுப்புவா." அந்த சீசனின் நல்ல காட்சி அதுதான். ஒரு சொல்கூட அவள் புதிதாகக் கற்றுத்தரவில்லை.

செலவான காரணம், தொடரை உருவாக்கியவரே போய்விட்டது. 'டாசன்ஸ் க்ரீக்'கை உருவாக்கிய கெவின் வில்லியம்சன் இரண்டாவது சீசனோடு விலகினார். மூன்றாவது தள்ளாடியது, மேலே சொன்ன ஈவ் ட்ராக் அந்தக் காலத்தது. வண்டியைத் திருப்பியவர் க்ரெக் பெர்லாண்டி, அவர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய பெயர் இல்லை, அதே எழுத்து அறையில் இருந்தவர். வில்லியம்சன் 2003இல் இறுதி எபிசோடு எழுதத் திரும்பி வந்தார். உருவாக்கியவர் போகப் போகிறார் என்று தெரிந்தால், வெளியே தேடுவதற்கு முன் அறைக்குள் யார் அதிகம் கோபப்படுகிறார்கள் என்று பாருங்கள். "இவ இப்படிப் பேச மாட்டா" என்று மேசையைத் தட்டுகிறவர்தான் உங்கள் ஆள்.

அறிகுறி 6: மர்மம் அவிழ்ந்ததும் கோபம் வருகிறது

விடையை முன்கூட்டியே முடிவு செய்யாமல் ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். 'காஸிப் கேர்ள்' 2012இல் ஆறு சீசன் முடிந்து, பெயரை மறைத்து இணையத்தில் வம்பு எழுதியவன் டேன்தான் என்று காட்டியது. அவன் தனியாக இருக்கும்போதே அந்தப் பதிவுகளைப் படித்து அதிர்ந்த காட்சிகள் முன்னால் கிடந்தன. சோதனை: விடையாகத் தேர்ந்தெடுத்தவர் தனியாக வரும் எல்லாக் காட்சிகளையும் மட்டும் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். அவர் யாரை ஏமாற்றுகிறார்? அறையில் யாரும் இல்லையென்றால் கேமராவை ஏமாற்றுகிறார், அது கூடாது. 'வெரோனிகா மார்ஸ்' முதல் சீசன் ஒரே கொலையை 22 எபிசோடு சுமந்து, நேர்மையாக விடை சொன்னது. ஒரு சீசன் மர்மம், ஒரு சீசனில் விடை. அதற்குமேல் இழுக்காதீர்கள்.

அறிகுறி 7: முக்கிய நடிகர் போகிறார்

இதில் எழுத்தாளர் செய்ய முடிந்தது குறைவு. இருக்கும் எபிசோடுகளில் பாத்திரத்தைக் கொல்ல வேண்டுமா என்ற கேள்வி மட்டும் உங்களுடையது. 'தி ஓ.சி.' மூன்றாவது சீசன் முடிவில் மரிஸாவைக் கொன்றது. நான்காவது சீசன் 16 எபிசோடில் முடிந்துவிட்டது, ஆனால் என்னைக் கேட்டால் முதல் சீசனுக்கு அடுத்தபடி அதுதான். துக்கமும் சிரிப்புமாகத் தொடர் மறுபடி லேசாகியது. கொல்வது என்றால், அந்த மரணத்தை அடுத்த சீசன் முழுக்கச் சுமக்க எழுத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொல்லுங்கள். இல்லையென்றால் வேறு ஊருக்கு அனுப்பிவையுங்கள். மற்றதெல்லாம் ஒப்பந்தம் பார்ப்பவரின் வேலை.

அறிகுறி 8: எதுவும் பழுதில்லை, ஆனால் பழைய மாதிரி இல்லை என்கிறார்கள்

இதை நான் கடைசியில்தான் சந்தேகப்படுவேன். முதல் சீசனில் எல்லாமே முதல்முறை. பார்ப்பவருக்கும் அந்த முகங்கள் புதிது. அந்தப் புதுமையை எந்த எழுத்தாளராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. "அந்தக் காலத்துல எடுத்தாங்க பாரு" என்று உங்களிடம் உதாரணம் காட்டப்படும் தொடர்களையும் கொஞ்சம் விசாரியுங்கள். 'மை சோ-கால்ட் லைஃப்' 19 எபிசோடு, 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' 18 எபிசோடு, இரண்டும் ஒரே சீசனில் நிறுத்தப்பட்டவை. கெட்டுப்போக அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவற்றின் நாயகிகள் ஏஞ்சலாவுக்கும் லிண்ட்ஸேக்கும் ஒரு மூன்றாவது சீசன் இருந்திருந்தால் நாமும் எதையாவது பேசியிருப்போம்.

இதற்குச் சோதனை: தொடரைப் பார்த்தேயிராத ஒருவரை அழைத்து உங்கள் முதல் எபிசோடையும் கடைசியாக வந்ததையும் அடுத்தடுத்துப் போடுங்கள். எது எந்த சீசன் என்று சொல்ல வேண்டாம். எழுத்தாளர்களும் இயக்குநரும் கூடவே உட்காரட்டும், போனை வெளியே வைத்துவிட்டு. அவர் எந்த இடத்தில் கேள்வி கேட்கிறார், எந்த இடத்தில் நாற்காலியில் சாய்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்ந்தது கடைசி எபிசோடில் என்றால் அறிகுறி 1இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஒருமுறை இப்படிப் போட்டுக் காட்டியபோது, முதல் எபிசோடின் முப்பதாவது நிமிடத்தில் இயக்குநரே எழுந்துபோய் விளக்கைப் போட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "இதுவும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றார்.